புகார் மனுவில் விடுபடும் சொல்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்த அம்மாவை இங்கே இருக்கும் இளையவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கதை எழுதியதில்லை, கவிதை எழுதியதில்லை. ஓர் இலக்கிய அமைப்பு அவர் நினைவாக ஏன் ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்துகிறது என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் மனு எழுதியவர் என்று சொன்னேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், சுடுகாட்டுப் பாதை, அடிதடி என்று எதுவானாலும் காலனிக்காரர்கள் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போவார்கள். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்டுவார். “நீ சொன்னது இதுதானா?” என்று கேட்பார். ஆமாம் என்று சொன்ன பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ.

நம் உரைநடையின் தொடக்கங்களில் ஒன்று மனு என்பது என் எண்ணம். 1891இல் நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் கூட்டிய மாநாடு தீர்மானங்களை இயற்றி அனுப்பியது. நம்மை இழிபெயரால் வைவதைச் சட்டப்படி தண்டிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இரண்டே ஆண்டுகள் கழித்து இரட்டைமலை சீனிவாசன் முன்னின்று லண்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் 3,412 பேர் கையொப்பமிட்டிருந்தார்கள். எழுத்தறிவு மறுக்கப்பட்ட சமூகம் தன் காயத்தை அதிகாரத்தின் மொழியில் எழுதிப் பழகியது இப்படித்தான். ஆகவே, பாலியல் துன்புறுத்தல் குறித்துப் புகார் கொடுப்பது எப்படி என்ற தலைப்பை இந்த மேடைக்கு நான் தேர்ந்தெடுத்ததில் வியப்பு வேண்டாம். இது சட்ட வகுப்பும்தான். எழுத்தைப் பற்றிய பேச்சும்தான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, தொழிற்சங்க அலுவலகம் ஒன்றில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில், நூற்பாலையில் வேலை பார்த்த ஒரு பெண் வந்தார். இருபது வயது இருக்கும். கையில் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். “சூப்பர்வைசர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். தக்க நடவடிக்கை எடுக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இரண்டே வாக்கியம். அப்புறம் இரண்டு டீ குடிக்கும் நேரம் பேசிக்கொண்டிருந்தோம். இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தில் அவர் போகும்போதெல்லாம் அந்த ஆள் வழியில் நிற்பது, முதுகில் கை வைப்பது, போன் நம்பர் கேட்டது, கொடுக்காததால் தொடர்ந்து இரவு ஷிப்ட் போட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. எழுந்து போகிற நேரத்தில் சொன்னார்: “கத்துனா மட்டும் என்ன, உங்க தெருப் பொண்ணுங்களுக்கு இதெல்லாம் புதுசான்னு கேட்டாருக்கா.”

இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அதையும் எழுதணுமா? எழுதினா சாதிப் பிரச்சனைன்னு தள்ளிடுவாங்களே.”

அவர் பயந்தது சரிதான். பெண் விஷயமாகக் கொடுத்தால் பெண் விஷயம், சாதி விஷயமாகக் கொடுத்தால் சாதி விஷயம், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ‘இந்தம்மா சண்டைக்கு வருது’ என்று சொல்வார்கள். ஆனால் அந்த ஆளின் கையையும் அந்த வாக்கியத்தையும் பிரிக்க முடியாது. கை வைக்கும் துணிச்சலைக் கொடுத்ததே அந்த வாக்கியம்தான்.

இப்படி ஒரு சொல் விடுபடுவது மில் தொழிலாளியின் தாளில் மட்டும் நடப்பதல்ல. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே நடந்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பேசும் எவரும் விசாகா தீர்ப்பைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அதன் பின்னே இருப்பவர் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி. மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ என்ற அடிமட்ட ஊழியர். குயவர் சாதி, பட்டியல் சாதி அல்ல, ஆனால் ஊரில் ஆதிக்கம் செலுத்திய குஜ்ஜர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதி. குஜ்ஜர் குடும்பம் ஒன்று கைக்குழந்தைக்கு நடத்தவிருந்த திருமணத்தைத் தடுக்கப் போனார். அது அவர் வேலை. 1992 செப்டம்பரில், வயலில், கணவர் கண்ணெதிரே கூட்டு வன்புணர்வு செய்யப்பட்டார். மருத்துவப் பரிசோதனை இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப்போனது. 1995 நவம்பரில் கீழ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதிக்காரர்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டு இதைச் செய்திருக்க மாட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பில் ஓடிய நியாயம். தொட்டால் தீட்டு என்பவன் வன்புணர மாட்டான் என்று ஒரு நீதிமன்றம் நம்பியது. நம் பாட்டிமார்கள் யாரிடமாவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1992இலேயே, பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தன. 1997 ஆகஸ்ட் 13 அன்று நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு வழிகாட்டு நெறிகளைக் கொடுத்தது. ஒவ்வொரு பணியிடத்திலும் புகார்க் குழு வேண்டும், அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். பெரிய வெற்றி, ஐயமில்லை. ஆனால் தீர்ப்பைத் திறந்து பாருங்கள். ராஜஸ்தானின் ஒரு கிராமத்தில் ஒரு சமூக ஊழியருக்கு நேர்ந்த கொடுமை என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறது. பெயர் இல்லை. அது போகட்டும், பாதுகாப்புக்காக என்று வைத்துக்கொள்வோம். சாதியும் இல்லை. சாதியால் நடந்த கொடுமையிலிருந்து சாதியைக் கழித்துவிட்டு ‘பணிபுரியும் பெண்’ என்ற பொதுப் பெயர் எஞ்சியது. அந்தப் பொதுப் பெண்ணுக்காகத்தான் 2013இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் நடப்பில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது நம் கருவி; அதன் பிடியும் முனையும் எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். உடலைத் தொடுவது மட்டுமே துன்புறுத்தல் என்று அது சொல்லவில்லை. பாலியல் இணக்கம் கேட்பது, பாலியல் சாயல் கொண்ட பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பத்தகாத எந்தச் சொல்லும் சைகையும் அதில் அடங்கும். இணங்கினால் சலுகை, மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்று உணர்த்துவதும், வேலை செய்ய முடியாத சூழலை உண்டாக்குவதும் சேரும். மறுத்ததற்காக இரவு ஷிப்ட் போட்டது அப்பட்டமாக இதற்குள் வருகிறது. பணியிடம் என்பது ஆலையும் அலுவலகமும் மட்டுமல்ல. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த வீடு பணியிடம். கட்டட வேலை நடக்கும் இடம், முறைசாரா வேலை நடக்கும் இடங்கள், நிர்வாகம் அனுப்பும் வேன் எல்லாமே பணியிடம். மேஸ்திரி முறைத்தால் சட்டம் வராது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

புகாரை எங்கே கொடுப்பது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலும், குழுவே அமைக்கப்படாமல் இருந்தாலும், துன்புறுத்தியவர் முதலாளியாகவே இருந்தாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். ஊர்ப்புறத்தில் புகாரைப் பெற்று அந்தக் குழுவுக்கு அனுப்ப வட்டார, வட்ட அளவில் பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலரைக் கேளுங்கள். பல மாவட்டங்களில் இவை காகிதத்தில்கூட இல்லாத நிலையைக் கண்டுதான் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு வைத்து உத்தரவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். உள்ளூர்க் குழுவில் நியமிக்கப்படும் உறுப்பினர்களில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோரில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான்கையும் ஒரே மூட்டையில் கட்டியிருப்பது போதாதுதான். ஆனால் உள்ளகக் குழுவுக்கு அந்த மூட்டைகூடக் கிடையாது. மூத்த பதவியில் இருக்கும் பெண் தலைவராக வேண்டும் என்பது விதி. மூத்த பதவிகளில் யார் இருக்கிறார்கள்? விடை உங்களுக்கே தெரியும். நான் வெளி உறுப்பினராக உட்கார்ந்த ஒரு குழுவில், புகார் கொடுத்த துப்புரவுப் பணியாளரை நிற்க வைத்தே விசாரித்தார்கள். நாற்காலி போடச் சொன்னேன். போட்டார்கள். அவர் விளிம்பில் உட்கார்ந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் வந்தபோது யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விசாரணை அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

சரி, எழுதுவதற்கு வருவோம். இதில்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘தவறாக நடந்துகொண்டார்’ என்று எழுதாதீர்கள். அது புகார் அல்ல, புகாரின் மீது போர்த்திய துணி. என்ன செய்தார், எந்தக் கை, எந்த இடம், எந்த நாள், எந்த ஷிப்ட், அப்போது அருகில் யார் இருந்தார்கள். தேதி நினைவில்லையென்றால் ‘ஆடி அமாவாசைக்கு முந்தின நாள்’, ‘சம்பளம் போட்ட மறுநாள்’ என்று எழுதலாம். காலண்டரைப் பார்த்துத் தேதி கண்டுபிடித்துக்கொள்ளலாம். அவர் பேசிய சொல்லை அப்படியே எழுதுங்கள். கெட்ட வார்த்தையை எழுதக் கூசி ‘தகாத வார்த்தை’ என்று போடுவது நம் பெண்களின் பழக்கம், நம்முடைய நாகரிகம். அந்த நாகரிகம் எதிராளிக்குத்தான் உதவும். ‘தகாத வார்த்தை’க்கு என்ன தண்டனை என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது. உங்கள் தெருவைச் சொன்னால் தெருவை எழுதுங்கள். சாதியைச் சொன்னால் சாதியை எழுதுங்கள். சொல்லாமலே உணர்த்தியிருந்தால் எப்படி உணர்த்தினார் என்பதை எழுதுங்கள்: மற்ற பெண்களை ‘அம்மா’ என்றவர் உங்களை ‘ஏய்’ என்றாரா, உங்களுக்கு மட்டும் தனி டம்ளரா, கழிவறை கழுவும் வேலையை உங்களுக்கு மட்டும் மாற்றிப் போட்டாரா. நீங்கள் இன்ன சாதி என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். ஒரே ஊர்க்காரர், வீட்டுக்கு வந்திருக்கிறார், சாதிச் சான்றிதழை வாங்கி வைத்ததே அவர்தான் என்று ஏதோ ஒன்று இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆதாரம் இல்லையே என்று கலங்க வேண்டாம். வாட்ஸ்ஆப் செய்திகளை அழிக்காதீர்கள். அருவருப்பில் அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். தவறிய அழைப்புகளின் பட்டியல், ஷிப்ட் அட்டவணை, அன்றிரவே அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பிய குரல் பதிவு, எல்லாமே ஆதாரம். குழு என்பது குற்றவியல் நீதிமன்றம் அல்ல. இருவரில் யார் சொல்வது நம்பத்தக்கது என்று எடை போடுவதுதான் அதன் வேலை.

புகாரோடு ஆவணங்களும் சாட்சிகளின் பெயர், முகவரியும் சேர்த்து ஆறு பிரதிகள் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஏழாவதாக ஒன்று உங்களிடம் இருக்கட்டும், அதில் பெற்றுக்கொண்டதாகத் தேதியிட்ட கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை, சலுகை அல்ல. உடல்நிலையோ மனநிலையோ இடம் கொடுக்காதபோது உறவினர், தோழி, உடன் வேலை செய்பவர் போன்றோர் அவர் சார்பில் கொடுக்கவும் விதிகள் வழிவிட்டிருக்கின்றன.

காலக்கெடு மூன்று மாதம். தொடர் நிகழ்வு என்றால் கடைசி நிகழ்விலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு அதை எழுத்தில் பதிந்து இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மேல் இல்லை. சொல்லவே மூன்று ஆண்டுகள் பிடிக்கும் ஒன்றுக்கு மூன்று மாதம் என்பது கொடுமையான கணக்கு. ஆனாலும் கணக்கு கணக்குதான். 2025 செப்டம்பரில் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர் மீதான புகாரைக் காலம் கடந்தது என்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அந்தத் தீர்ப்பை அவருடைய தன்விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது; புகார் கொடுத்தவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே, தொடர் நிகழ்வை ஒரே நிகழ்வாகச் சுருக்கி எழுதாதீர்கள். மறுத்த பிறகு போட்ட இரவு ஷிப்ட், கூட்டத்தில் கேலி, மதிப்பெண் குறைப்பு எல்லாம் அதே தொடரின் கண்ணிகள்.

இனி காவல் நிலையம். குழுவுக்குப் போனால் போலீசுக்குப் போகக் கூடாது என்று நிர்வாகங்கள் சொல்லும். பொய். இரண்டுக்கும் போகலாம், ஒரே நாளிலும் போகலாம். நிறுவனம் போலீஸ் புகாருக்கு உதவ வேண்டும் என்றே சட்டம் கடமை விதிக்கிறது. அந்த மூன்று மாதக் கெடு காவல் நிலையத்துக்குக் கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதா 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்குகிறது; பின்தொடர்வதற்கு 78. நமக்கு இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(டபிள்யூ) பிரிவு.

2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த இந்தப் பிரிவை நம் தோழர்களே போதுமான அளவு படிக்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்று தெரிந்தே, சம்மதமில்லாமல் பாலியல் நோக்கில் தொடுவதும், பாலியல் தன்மை கொண்ட சொல், செயல், சைகையும் இதன்படி வன்கொடுமை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை. சாதி சொல்லித் திட்டுவதற்கான பிரிவுகளில் ‘பொதுமக்கள் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நாலு சுவருக்குள் நடந்தது என்று பல வழக்குகள் அங்கே கவிழ்ந்திருக்கின்றன. 3(1)(டபிள்யூ)வில் அந்த நிபந்தனை இல்லை. இயந்திரச் சந்தும், துறைத் தலைவரின் மூடிய அறையும் இதற்குப் போதும். எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்ற விளக்கமும் அதனுடனேயே இருக்கிறது. மதுரா என்ற பழங்குடிச் சிறுமியின் வழக்கில், உடலில் காயமில்லை, அவள் எதிர்க்கவில்லை என்று காரணம் காட்டிக் காவலர்களை 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த விளக்கத்தின் விலை தெரியும்.

‘தெரிந்தே’ என்ற சொல்லுக்காகத்தான் அந்த ஒரு வாக்கியத்தை எழுதச் சொன்னேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்பது எட்டாவது பிரிவு. இந்தச் சொல் வருவதற்கு முன், கடுமையான குற்றங்களுக்கான பிரிவில் ‘பட்டியல் சாதி என்ற காரணத்தால்’ செய்யப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆந்திர வழக்கு ஒன்றில் பாதிக்கப்பட்டவர் பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண். சாதி, பாலினம், உடற்குறை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை அந்தத் தீர்ப்பு விரிவாகவும் அக்கறையோடும் பேசியது. வன்புணர்வுக்கான தண்டனையை உறுதி செய்தது. வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை மட்டும் நீக்கியது. காரணம், சாதியால்தான் நடந்தது என்பதற்குத் தனியான சாட்சியம் பதிவாகவில்லை. சம்பவமோ பழைய சட்டத்தின் காலத்தது. முதல் நாள் தாளில் எழுதப்படாத ஒன்றைப் பத்தாண்டு கழித்து டெல்லியில் எழுத முடியாது.

காவல் நிலையத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியும். முதலில் உட்கார வைப்பார்கள், அப்புறம் ‘பேசி முடிச்சுக்கலாமே’ என்பார்கள், கடைசியில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கிழித்துக் கொடுத்து அனுப்புவார்கள். சி.எஸ்.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை அல்ல. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிய முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018இல் 18ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. எந்த நிலைய எல்லைக்குள் நடந்தது என்று அலைக்கழிக்கவும் கூடாது. எந்த நிலையத்திலும் தகவலைப் பதியலாம். வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்டி, பதிந்ததன் நகலை உடனே கொடுப்பது நான்காவது பிரிவின்படி அலுவலரின் கடமை. வேண்டுமென்றே தவறினால் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அலுவலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவது. திண்ணையில் அந்த அம்மா செய்துகொண்டிருந்தது இது. நாடாளுமன்றத்துக்குப் பிறகுதான் தோன்றியது. புலன்விசாரணை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் இருக்க வேண்டும். ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவித்து அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், பெண் என்பதாலும் பட்டியல் சாதி என்பதாலும் வருமானம் பாராமல் சட்ட உதவிக்கு உரிமை உண்டு; 15100 என்ற எண். வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566, பெண்களுக்கானது 181.

புகார் கொடுத்த பிறகு வரும் நாட்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏழு வேலை நாளில் நகல் எதிராளிக்குப் போகும், பத்து வேலை நாளில் அவர் பதில் வரும், தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். குழுவின் முன் இரு தரப்பும் வழக்கறிஞரை அழைத்து வர முடியாது. இது நமக்குச் சில நேரம் நல்லது, சில நேரம் கெட்டது. விசாரணை நடக்கும்போதே அவரை இடம் மாற்றவோ, உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவோ, உங்கள் வேலையை அவர் மதிப்பிடாமல் தடுக்கவோ எழுத்தில் கேட்கலாம். கேட்காமல் கிடைக்காது. நீங்கள் கேட்டால் மட்டுமே சமரசம். குழு தானாக அதைத் தொடங்கக் கூடாது, பணம் அதற்கு அடிப்படையாகவும் கூடாது. ‘நிரூபிக்கவில்லையென்றால் உன் மேலேயே நடவடிக்கை’ என்று மிரட்டுவார்கள். நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப்புகாரும் ஒன்றல்ல. தீய நோக்கம் என்பதைத் தனியாக விசாரித்து நிறுவினால்தான் நடவடிக்கை என்று 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

அந்த நூற்பாலைப் பெண்ணின் தாளை இரண்டரைப் பக்கமாகத் திருத்தி எழுதினோம். தெரு பற்றிய வாக்கியமும் இருந்தது. குழு துன்புறுத்தல் நடந்ததை ஒப்புக்கொண்டது, சூப்பர்வைசரை வேறு யூனிட்டுக்கு மாற்றியது. அறிக்கையில் அந்த வாக்கியம் மட்டும் இல்லை. ஊரில் அப்பாவின் கூலி வேலை நின்றது. ஹாஸ்டலில் அவரோடு சாப்பிட உட்காரப் பெண்கள் தயங்கினார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. புகார் கொடுத்தது தப்பா என்று அவர் என்னைக் கேட்டதில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

இதனால்தான் தனி ஆளின் புகாரைக் கூட்டத்தின் புகாராக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளியான இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த ஆலையின் சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதை ஒரு குற்றச் செய்தியாக முடியவிடவில்லை. குடும்பத்தோடு நின்றது, வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும், அதனிடம் துணி வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் ஏற்பட்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அழைக்கப்படுகிறது. தொழிலாளிகளே ஆலைத் தளத்தில் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பதற்குப் பின்னால் ஆர்டர் போய்விடும் என்ற அச்சம் இருந்தது. பாலினத்தோடு சாதியையும் பெயர் சொல்லிப் பேசும் ஒப்பந்தம் அது. விசாகாவில் விழுந்துபோன சொல் திண்டுக்கல்லில் திரும்ப எழுதப்பட்டது.

மாணவர்களுக்கு ஒன்று. உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் அறிவித்த தனி நெறிமுறைகள் உண்டு. மாணவர் தொடர்பான விசாரணை என்றால் மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் குழுவில் இருக்க வேண்டும். சாதியால் ஒருவர் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடும் என்பதை அந்த நெறிமுறைகள் ஏற்கின்றன. மூன்றாம் பாலின மாணவர்களையும் கணக்கில் எடுக்கின்றன. உங்கள் கல்லூரிக் குழுவில் அந்த மாணவர்கள் யார் என்று நாளை கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, இந்த அறையில் பேசுவதற்குச் சங்கடமான ஒன்று. துன்புறுத்தியவர் நம் ஆளாகவே இருந்தால்? வன்கொடுமைச் சட்டம் பட்டியல் சாதியினர் மேல் பாயாது. மற்ற சட்டங்கள் பாயும். அரசியல் கட்சிகளில் முதலாளி-தொழிலாளி உறவு இல்லை, எனவே குழு அமைக்கும் கட்டாயமும் இல்லை என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. நம் அமைப்புகள் அந்த நிழலில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. இயக்கத்துக்குக் கெட்ட பெயர் வரும், எதிரிக்கு ஆயுதம் கிடைக்கும், அவர் எத்தனை வழக்கு வாங்கியவர் என்று சொல்லி நம் பெண்களின் வாயை நாமே அடைத்த சம்பவங்கள் எனக்குத் தெரியும். ஒன்றில் நானும் இருந்தேன். ‘மாநாடு முடியட்டும், பேசலாம்’ என்று சொன்னது நான்தான். மாநாடு முடிந்தது. அந்தத் தோழி அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நம் அமைப்புக்கு ஒரு குழு வேண்டும். பாதிக்கு மேல் பெண்கள், அமைப்பில் பதவி வகிக்காத வெளி ஆள் ஒருவர், அடுத்த ஆண்டு அழைப்பிதழிலேயே அவர்களுடைய தொலைபேசி எண்கள். இதை இன்று காலை செயலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.